எண்பத்தேழாம் பாட்டு

போடிமெட்டு மலையில் கடைசி ஏலச்செடி பட்டுப்போகிற வரைக்கும் இந்தக் கதையைச் சொல்ல ஆள் இருக்கும், கேட்கத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஜீப் டிரைவர் ராசாங்கம் வண்டியில் போட்ட பாட்டு வண்டி ஸ்பீக்கரில் வரவில்லை, மத்தியானம் மலைமேல் ஏலத்தோட்டத்தில் பொம்பளைகள் திறந்த தூக்குவாளிகளில் வந்தது. கிட்டத்தட்ட மூன்று மாதம் வந்தது. ஊரே கேட்டது. அவன் ஒருத்தன்தான் கேட்கவில்லை.

ராசாங்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போடியிலிருந்து தினம் விடிகாலையில் பதினாறு பொம்பளைகளை ஒரு ஜீப்பில் அடைத்து, பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, கேரளப் பக்கத்துத் தோட்டத்தில் காய் எடுக்க இறக்கிவிட்டு, சாயந்திரம் திரும்ப அள்ளிக்கொண்டு வருகிற ஆள். வண்டி ஓட்டுவதில் சூரன், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் பாட்டு இல்லாமல் அவனுக்குக் கியர் விழாது. அடிவாரத்து முனியாண்டி கல்லுக்கு முன்னால் எல்லா டிரைவரும் வண்டியை நிறுத்தி, இரண்டு காதையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் மலை ஏறுவார்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிற வண்டியைக் கண் பார்க்காது, காதுதான் பார்க்க வேண்டும். அதனால் காதில் எதையாவது மாட்டிக்கொள்கிற டிரைவரை அந்த மலையில் ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள், ராசாங்கம் பக்கத்திலேயே சேர்க்க மாட்டான்.

அவன் பெண்டாட்டி போதுமணி. பதினாறு வருசக் குடித்தனம், பிள்ளையில்லை. நாலு மணிக்கு எழுந்து குளிரில் கை விறைக்க அடுப்பு மூட்டி, புளிக்குழம்போ கருவாட்டுக் குழம்போ வைத்து, மூடியில் நீலப்பூ போட்ட தூக்குவாளியில் அவனுக்குச் சோறு கட்டிக் கொடுப்பாள். அவனும் வாங்கி வைத்துக்கொள்வான். ஆனால் தோட்டத்து வாசலில் ஒரு பரோட்டாக் கடை இருந்தது. டிரைவர்கள் எல்லாம் அங்கே வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்த வட்டத்தில் போய்த் தூக்குவாளியைத் திறந்தால் கெத்து என்ன ஆவது! அதனால் இறங்குகிற வழியில் ஒன்பதாம் வளைவில் வண்டியை ஓரங்கட்டி, சோற்றைக் குரங்குகளுக்குக் கொட்டிவிட்டு, வாளியைக் கழுவிக்கொண்டு வந்து கொடுப்பான். "சாப்பிட்டீங்களா?" "ம்." "உப்பு சரியா இருந்துச்சா?" "ம்." இப்படியே வருசக்கணக்காக ஓடியது.

ஒரு நாள் தண்ணிக் குழாயடியில் யாரோ ஒருத்தி விளையாட்டுக்குச் சொல்லிவிட்டாள்: "ஏத்தா போதுமணி, உன் கைப்பக்குவத்துல ஒம்பதாம் வளைவுக் குரங்கெல்லாம் கொழுத்துப் போச்சுடி." போதுமணி குடத்தை நிறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள், தூக்குவாளியைத் தேய்த்துக் கவிழ்த்தாள், துணியை மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற தங்கச்சி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

ராசாங்கம் கவிழ்த்திருந்த வாளியைத் தொடாமல் விட்டான். ஆனால் வெளியே, "அவளாப் போனா, அவளா வரட்டும்" என்றான். அவள் போன் பண்ணினாள், இவன் கட் பண்ணினான். மறுபடி பண்ணினாள், மறுபடி கட். ஒரு மாதத்தில் போன் வருவது நின்றுபோனது. வைகாசி பிறந்ததும் திருப்பூர் பஸ்ஸில் ஒரு பார்சல் வந்தது, உள்ளே விரல் நீளத்தில் ஒரு பாட்டுப் பிளேயர், அதோடு சுருட்டி வைத்த ஒரு காது ஒயர். கடிதம் இல்லை. "பாத்தியா, இறங்கி வர்றா!" என்று பரோட்டாக் கடையில் எல்லோரிடமும் காட்டினான். காது ஒயரைத் தூக்கி டேஷ்போர்டுக்குள் எறிந்தான். அப்போதாவது ஒரு போன் போட்டிருக்கலாம், போடவில்லை.

வண்டியில் இருந்தது பழைய கேசட் செட்டு. அது கேசட்டை எல்லாம் மென்று துப்பி ஆறு மாதம் ஆகியிருந்தது, அதனால் பிளேயரை எப்படியாவது அதில் மாட்டிவிட வேண்டும் என்று தவித்தான். முதலில் ஒயர் வால் முளைத்த கேசட் ஒன்றை வாங்கி வந்து உள்ளே தள்ளினான். செட்டு அதைக் கடித்தது, உடனே கக்கியது. பிறகு சிகரெட் பற்றவைக்கிற ஓட்டையில் சொருகி எஃப்.எம்.மில் பாட வைக்கிற குமிழ் ஒன்று வாங்கினான். அதில் அடிவாரத்தில் கரகர, ஐந்தாம் வளைவில் வயல்களுக்கு உரமிடுவது எப்படி, மெட்டைத் தாண்டினால் சுத்தமான மலையாளத்தில் செய்தி. "அண்ணே, ஒங்க வீட்டம்மா மலையாளம் எப்பப் படிச்சாங்க?" என்று பின்னாலிருந்து வெள்ளத்தாயி கேட்டாள். பதினாறு பேரில் அவளுக்குத்தான் வாய் அதிகம், மனசும் அதிகம். வண்டியே குலுங்கிச் சிரித்தது.

கடைசியில் ஆடியோ கடை அபுதாகிரிடம் வண்டியைக் கொண்டுபோய் விட்டான். அபுதாகிர் செட்டைக் கழற்றி, முதுகில் ஒயரைப் பற்றவைத்து, முனையில் பின் போட்டு, பிளேயரை மாட்டினார். சத்தம் இல்லை. ஒயரை மாற்றினார், ஸ்பீக்கரை மாற்றினார், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மூன்று நாள் மல்லுக்கட்டினார். பிளேயர் திரையில் ஒன்று என்ற எண் மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

"பிளேயர் நல்லாயிருக்கா பாய்?"

"நல்லாயிருக்கு."

"செட்டு?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கு மாப்ள. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேச மாட்டேங்குது. நான் என்ன செய்ய?" என்றார் அபுதாகிர். "அந்தக் காது ஒயர மாட்டிக் கேட்டுப் பாரேன்."

"காதுல கண்டதையும் திணிக்கிற ஆளா நானு?" என்று ராசாங்கம் முறைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான். ஒயரைக்கூடப் பிடுங்கவில்லை, கோபத்தில் அப்படியே தொங்கவிட்டு மலை ஏறினான்.

அன்றைக்கு மத்தியானம்தான் அது நடந்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் பொம்பளைகள் கையைக் கழுவிக்கொண்டு பலா மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார்கள். சோற்றில் கை வைத்ததும் பாட்டு வந்தது. பித்தளை வாளியில் கணீரென்று, அலுமினியத்தில் கொஞ்சம் தகரக் குரலாக, எவர்சில்வரில் சுத்தமாக, பிளாஸ்டிக் டப்பாவில் போர்வைக்குள் பாடுகிற மாதிரி, எல்லாவற்றிலும் ஒரே பாட்டு, ஒரே நேரத்தில். வெள்ளத்தாயி உருண்டையை வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தி, "இந்தா, ராசாங்கண்ணன் காலையில போட்ட பாட்டு இப்பத்தான் வந்து சேருது" என்றாள். மற்றவர்கள், "அதானே, மலைப்பாதை, லேட்டாத்தான் வரும்" என்றார்கள். சாப்பாடு ஆறிவிடும் என்று சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்கள்.

மறுநாள் திரையில் இரண்டு என்று மாறியது, மத்தியானம் இரண்டாம் பாட்டு வந்தது. ஒரு நாளைக்கு ஒரு பாட்டு. வந்த பாட்டு மறுபடி வராது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் எண் நகராது. பத்து நாளைக்குள் எல்லோருக்கும் முறை பழகிவிட்டது. சோற்றில் கை வைத்தவர்களுக்குத்தான் கேட்கும், பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு ஈ பறக்கிற சத்தம்தான் கேட்கும். தயிர்ச்சோறாக இருந்தால் குரல் இறங்கி இழையும், புளிச்சோறாக இருந்தால் மேளம் தூக்கலாக இருக்கும், பழைய சோற்றில் ஒப்பாரி மாதிரி இழுத்துவிடும். சூப்பர்வைசர் தங்கச்சன் சேட்டன் முதலில், "எந்தா இது, பணி ஸ்தலத்தில பாட்டு கச்சேரியா? ஞான் ஒண்ணும் கேக்கலல்லோ!" என்று குதித்தார். வெள்ளத்தாயி அவர் கையில் ஒரு கவளம் வைத்தாள். மென்றார், கண்ணை மூடினார், அன்றிலிருந்து சாப்பாட்டு நேரம் கால் மணி கூடியது.

விசயம் மலை இறங்கிப் போடிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? ராசாங்கம் ஜீப்பில் ஏற அடிதடி ஆனது. ஆள் ஏற முடியாதவர்கள் பாத்திரத்தையாவது ஏற்றிவிட்டார்கள். ரிட்டயர்டான வாத்தியார் ஒருவர் பிளாஸ்க்கில் பால் கொடுத்தனுப்பினார், கல்யாண வீட்டுக்காரர்கள் ஒரு அண்டாவைக் கூரையில் கட்டிவிட்டார்கள். சாயந்திரம் கீழே வந்து திறந்தால் பாட்டு ஊசிப்போயிருக்கும், சுருதி புளித்து வரும், ஆனாலும் பரவாயில்லை என்று கேட்டார்கள். மற்ற ஜீப் டிரைவர்கள் சங்கத்தில் கத்திப் பார்த்தார்கள், பிறகு அவர்கள் வீட்டுத் தூக்குவாளிகளே ராசாங்கம் வண்டியில் வந்து உட்கார்ந்தன. பஸ் ஸ்டாண்டு வாசலில் காலை ஆறரைக்கு அவன் ஹாரன் கேட்டதும் வாளியும் சட்டியுமாக நாற்பது கை மேலே எழும்பும். "இடமில்ல, இடமில்ல!" என்று கத்திக்கொண்டே வண்டியை வெட்டி எடுத்துப் போவான். அந்தப் பெருமையும் அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் வண்டிக்குள் சத்தமே இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் எஞ்சின் உறுமலும் ஒயர் ஆடுகிற டக்டக்கும்தான். நேற்று வந்த பாட்டைப் பின்னால் பொம்பளைகள் முணுமுணுப்பார்கள், அத்தனையும் அவனுக்குப் பிடித்த பாட்டு, கல்யாணமான புதிதில் அவனும் போதுமணியும் சேர்ந்து கேட்ட பாட்டு. ஐம்பதாவது நாளோ என்னவோ, பரோட்டாவை வைத்துவிட்டு எழுந்து, சரிவில் ஏறிப் பலா மரத்தடிக்குப் போய் நின்றான். எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு ஈச்சத்தம்.

"வாங்கண்ணே, ஒரு வாய் போடுங்க. கை வச்சாத்தான் கேக்கும்" என்று வெள்ளத்தாயி வாளியை நீட்டினாள்.

அவன் நாக்கில் எச்சில் ஊறியது. கீழே கடையிலிருந்து டிரைவர்கள் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் சாப்பிட்டாச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டான்.

ஆடி கடைசி வெள்ளிக்கிழமை சாரல் விழுந்தது. அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள், ஊர் முழுக்கப் பாத்திரம். பஸ் ஸ்டாண்டு வாசலில் என்றைக்கும் இல்லாத கூட்டம். வைப்பர் வேறு வேலை செய்யவில்லை. ராசாங்கம் கண்ணாடியைக் கையால் துடைத்துக்கொண்டு ஹாரனை அமுக்கியபடி வந்தான். வேப்ப மரத்தடியில் கூட்டத்தை விட்டுத் தள்ளி முக்காடு போட்ட ஒருத்தி தனியாக நின்றாள். வண்டியைக் கண்டதும் தூக்குவாளியைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினாள். முகத்தை அவன் பார்க்கவில்லை, வாளியைத்தான் பார்த்தான். "இடமில்லம்மா! தள்ளு, தள்ளு! எத்தனை வாளியத்தான் ஏத்துறது!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினான். அவள் கையை இறக்கிக்கொண்டாள். அவன் கியரை மாற்றிப் போய்விட்டான்.

ஆவணி பிறந்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது, திரையில் எண்பத்தேழு. அன்று மத்தியானம் பொம்பளைகள் சோற்றில் கை வைத்தார்கள். பாட்டு வரவில்லை. பித்தளையிலும் அலுமினியத்திலும் எவர்சில்வரிலும் ஒரே குரல், பேசியது. முதல் வார்த்தையிலேயே எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிட்டது. ஒருத்தியும் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. முடிந்ததும் தங்கச்சன் சேட்டன்கூடக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். அன்றைக்குப் பதினாறு பேரும் சோற்றை அப்படியே மூடிக் கொண்டுவந்தார்கள்.

இறங்கும்போது வண்டியில் பேச்சில்லை. ராசாங்கம் இரண்டு வளைவு பொறுத்தான், மூன்று வளைவு பொறுத்தான். "என்னா, இன்னைக்கு எழவுப் பாட்டா?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. ஒன்பதாம் வளைவில் வெள்ளத்தாயி, "அண்ணே, வண்டிய ஓரங்கட்டுங்க" என்றாள். குரங்குகள் மதில்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. அவள் முன்னால் வந்து நின்று, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கேட்டதைக் கேட்டபடி சொன்னாள்:

"என்னங்க, நான்தான். பாட்ட நிறுத்திட்டேன்னு திட்டாதீங்க. போன் போட்டா கட் பண்றீங்க. பாட்டு இல்லாம ஒங்களால இருக்க முடியாதுல்ல, அதான் இதுக்குள்ள பேசுறேன். ஒங்களுக்குப் புடிச்சதா எம்பத்தாறு பாட்டு பொறுக்கிப் போட்டுருக்கேன், ஒரு வாரத்துல கேட்டு முடிச்சிருவீங்கன்னு தெரியும். எனக்குக் கோவமெல்லாம் போயிருச்சு. ஆடி கடைசி வெள்ளிக்கெழம காலையில பஸ் ஸ்டாண்டு வேப்ப மரத்தடியில நிப்பேன். கையில ஒங்களுக்குச் சோறு வச்சிருப்பேன். வண்டிய நிறுத்துனா ஏறிக்கிறேன். மலைக்கே வர்றேன், ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து சாப்புடுவோம். நிறுத்தாமப் போனா நான் இனிமே கூப்புட மாட்டேன், சரியா?"

ராசாங்கம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான். சாரலில் உயர்ந்த கை, தலைக்கு மேல் வாளி, முக்காடு. "அய்யோ" என்றான். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கி மதில் ஓரமாக உட்கார்ந்துவிட்டான். பின்னால் வந்த வண்டியிலிருந்து இன்னொரு டிரைவர் வந்துதான் ஜீப்பைக் கீழே இறக்கினார்.

வீட்டு வாசலில் வண்டியை விட்டுவிட்டு அவர் போனதும், ராசாங்கம் டேஷ்போர்டைக் கிளறி அந்தக் காது ஒயரை எடுத்தான். தூசி அடைந்திருந்தது. பிளேயரில் மாட்டி, வாழ்க்கையில் முதல் தடவையாகக் காதில் வைத்தான். இப்போது பொத்தான் சொன்னபடி கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் ஓடியது, ஒன்றிலும் சத்தம் இல்லை, எல்லாம் யார் யார் சோற்றிலோ கரைந்துபோயிருந்தது. எண்பத்தேழில் நிறுத்தினான். ஒரு நிமிசம் இருபது நொடி ஓடி முடிந்தது. ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. வைகாசியிலேயே இதை மாட்டியிருந்தால் ஒரே ராத்திரியில் எண்பத்தேழுக்கு வந்திருப்பான். வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

போன் போட்டான், அந்த எண் உபயோகத்தில் இல்லை. மறுநாளே திருப்பூர் போனான். கொழுந்தியாள் கேட்டைத் திறக்கவில்லை, கம்பிக்கு உள்ளே நின்றபடியே பேசினாள்.

"அக்கா இங்க இல்ல மச்சான். வேற ஊருக்கு வேலைக்குப் போயிருச்சு. எந்த ஊருன்னு ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்கு."

"எனக்குத் தெரியாது தாயி. சத்தியமாத் தெரியாது. அது எனக்கு வரல, வாளிக்குள்ள போயிருச்சு. நான் அவளப் பாக்கல."

"பாத்தீங்களாமே. பாத்துட்டு இடமில்லன்னு சொன்னீங்களாமே. ராத்திரி பூரா போடி பஸ்ஸுல சோத்த மடியிலயே வச்சுக்கிட்டுப் போச்சாம். அங்க பஸ் ஸ்டாண்டுலயே அத ஒரு பிச்சக்காரருக்குக் குடுத்துட்டு, திரும்ப பஸ் ஏறிருச்சு." அவள் வீட்டுக் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒரு காபி குடிச்சிட்டுப் போங்கன்னு சொல்லக்கூட எனக்கு மனசு வரல மச்சான், போங்க."

போடிக்குத் திரும்பி வந்தான். எண்பத்தேழோடு பாட்டு நின்றுவிட்டது. ஊரும் ஒரு வாரம் உச்சுக் கொட்டிவிட்டு அடங்கியது, பஸ் ஸ்டாண்டு வாசலில் கைகள் எழும்பவில்லை, ஜீப்பில் பழையபடி பதினாறு பேர்தான். அபுதாகிர் ஒயரைக் கழற்றிவிடவா என்று கேட்டார், வேண்டாம் என்றான். ஒரு நாள் நாலு மணிக்கு எழுந்தான். அடுப்பை மூட்டினான், சோறு வடித்தான், புளியைக் கரைத்து ஏதோ ஒரு குழம்பு வைத்தான். போதுமணி கவிழ்த்து வைத்துவிட்டுப் போன நீலப்பூ மூடி வாளி அதே இடத்தில் கவிழ்ந்திருந்தது. கழுவி, சோற்றைக் கட்டி, முன் சீட்டில் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முனியாண்டி முன்னால் காதைத் தொட்டுக் கும்பிட்டு மலை ஏறினான்.

மத்தியானம் பரோட்டாக் கடையைத் தாண்டி நடந்தான். வட்டத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள், திரும்பவில்லை. பலா மரத்தடியில் பொம்பளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள். உட்கார்ந்து, மூடியைத் திறந்து, சோற்றில் கை வைத்தான். முதலில் சாரல் விழுகிற சத்தம் கேட்டது, பிறகு ஒரு ஹாரன். அப்புறம் அவனுடைய குரல்தான், ஜன்னல் வழியாகக் கத்துகிற குரல், வேப்ப மரத்தடிக்கு எப்படிக் கேட்டிருக்குமோ அப்படியே கேட்டது: இடமில்லம்மா, தள்ளு, தள்ளு.

"என்னண்ணே, கேக்குதா? என்ன பாட்டு?" என்று வெள்ளத்தாயி மெதுவாகக் கேட்டாள்.

குழம்பில் உப்பு கூடியிருந்தது. ஒவ்வொரு கவளத்துக்கும் அந்தக் குரல் திரும்பத் திரும்ப வந்தது, அவன் நிறுத்தாமல் சாப்பிட்டான், அடியில் ஒட்டியிருந்த பருக்கை வரைக்கும் வழித்துச் சாப்பிட்டான். வெள்ளத்தாயி தன் வாளியிலிருந்து ஒரு துண்டு ஊறுகாய் எடுத்து அவன் மூடியில் வைத்தாள். மறுநாளும் நாலு மணிக்கு எழுந்து சோறு கட்டினான்.